ரைம் ஷீற்றும் லேபர் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிப் பாத்தால் பாதிக்கு மேல ஒரே விசயம்தான். வேலை நேரம் பதியிற சொஃப்ட்வெயர், அதுக்குள்ள சட்டத்தை எப்பிடி ஏத்திறது. யாழ்ப்பாணத்தில இப்ப சின்னக் கடையிலகூட விரல் வைக்கிற மெசின் வந்திட்டுது, ஆனா வித்த பெடியன் மெசினைச் சுவரில பூட்டிட்டுப் போனாப்பிறகு செற்றிங்ஸைத் திறந்து பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. அதால வைஃபை, பிரிண்டர் கேள்வியளை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன்.

கேள்வி: அண்ணை, நான் ஒரு ஐரி கொம்பனியில அட்மின் வேலை பாக்கிறன். எங்கட கஸ்ரமர் ஜேர்மனியில. அவை தாங்கள் பாவிக்கிற ரைம் ட்ராக்கிங் சொஃப்ட்வெயரையே எங்களுக்கும் தந்திருக்கினம். அதில வேலை நேர விதி எண்டு ஒரு பக்கம், நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லிச்சுது, லிஸ்டில இலங்கையே இல்லை, நான் ஜேர்மனியைப் போட்டு சேவ் பண்ணிட்டன். இப்ப நாளுக்கு நாள் பெடியளின்ர பேருக்கு நேர சிவப்பு அடையாளம் வருது, பொஸ் என்னைத்தான் பேசுறார். என்ன செய்ய? (திருநெல்வேலி வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஜேர்மனியைக் கழட்டி விடுங்கோ. கஸ்ரமர் எந்த நாடு எண்டது முக்கியமில்லை, கதிரையில இருந்து வேலை செய்யிற ஆள் எங்க இருக்கிறார் எண்டதுதான் கணக்கு. உங்கட பெடியள் திருநெல்வேலியில இருந்து வேலை செய்தால் அவைக்குப் பொருந்திறது எங்கட 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம்.

சிவப்பு ஏன் வருது எண்டும் சொல்லிவிடுறன், பொஸ் கேட்டால் சொல்ல உதவும். ஜேர்மன் வேலை நேரச் சட்டத்தில ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், 10 வரைக்கும் கூட்டலாம் ஆனா 6 மாசத்துக்குள்ள சராசரி திரும்ப 8க்கு வந்திட வேணும். 6 மணித்தியாலத்துக்கு மேல வேலையெண்டால் 30 நிமிச இடைவேளை, 9க்கு மேலயெண்டால் 45 நிமிசம். ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் தொடங்கிறதுக்கு இடையில 11 மணித்தியால ஓய்வு. இரவு 11க்கு லப்டொப்பை மூடிட்டு விடிய 8க்குத் திரும்ப லொகின் பண்ணின ஆளுக்கு இடையில 9 மணித்தியாலம்தான், அங்கதான் உங்களுக்குச் சிவப்பு விழுந்திருக்கும். 2019 மே மாசம் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஸ்பானிய வழக்கில, முதலாளிமார் ஒவ்வொரு ஆளின்ரயும் நாளாந்த வேலை நேரத்தை அளக்கிற ஒழுங்கு வைச்சிருக்க வேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது, அதுக்குப் பிறகு அங்கத்தைய சொஃப்ட்வெயர்க் கொம்பனியளுக்கு இந்தப் பக்கம் நல்லா விக்கிற சாமானாப் போச்சு. எங்களை நினைச்சுச் செய்தது இல்லை.

இலங்கை இல்லாட்டி என்ன, கஸ்டம் (Custom) எண்டு ஒரு தெரிவு அனேகமா இருக்கும், அதில நீங்களே ஏத்தலாம். ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, ரெண்டிலயும் சாப்பாட்டு நேரத்தைச் சேக்கக்கூடாது. கன பேர் 45ஐ அஞ்சால பிரிச்சு நாளுக்கு 9 எண்டு போடுகினம், அது பிழை, திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் 8 படி 40, சனி 5, அப்பிடித்தான் 45 வருது, கிழமைக்கு ஒண்டரை நாள் லீவு எண்டு சட்டத்தில இருக்கிறதும் இந்தக் கணக்கோட பொருந்திறதுதான். ஓ.ரீ., அதாவது மேலதிக நேர வேலை, கிழமைக்கு ஆகக்கூடினது 12 மணித்தியாலம். அப்ப எச்சரிக்கையை ரெண்டும் சேந்த 57இல வையாதேங்கோ, 52இல ஒருக்கா 55இல ஒருக்கா வரட்டும், 57இல வந்தால் பிறகு என்னத்தைச் செய்யிறது, கிழமை முடிஞ்சிடும்.

ரைம் சோன் எண்டு ஒரு இடம் இருக்குது, அதைக் கட்டாயம் பாருங்கோ. கஸ்ரமர் தந்த எக்கவுண்ட் எண்டால் அது பேர்லினில நிக்கும். பேர்லின் எங்களைவிட பனிக்காலத்தில நாலரை மணித்தியாலமும் கோடையில மூண்டரை மணித்தியாலமும் பிந்தி, அப்ப உங்கட பெடியன் திங்கள் விடியப்புறம் 2 மணிக்கு ஒரு சேர்வர் வேலை செய்தால் அது அங்க ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில போய் விழும், போன கிழமை ஓ.ரீ. கூடும், இந்தக் கிழமை குறையும், மாச முடிவில ஒருத்தருக்கும் விளங்காது. ஏசியா/கொழும்பு எண்டு மாத்துங்கோ, ஒவ்வொரு ஆளின்ர புரொஃபைலிலயும் தனித்தனிய மாத்த வேண்டி வரலாம். அதோட மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அவை மணிக்கூட்டை மாத்திவினம், நாங்கள் மாத்திறேல்லை. அவையின்ர காலமை 9 மணி மீற்றிங் எங்களுக்குப் பனிக்காலத்தில பின்னேரம் 1.30, கோடையில மத்தியானம் 12.30. ஷிஃப்ற் நேரத்தை வருசத்தில ரெண்டு தரம் நீங்களே மாத்தி எழுதோணும், இல்லாட்டி ஏப்ரல் முதல் கிழமை முழுக்க எல்லாரும் 'நேரத்துக்கு முந்தி வந்தவை' எண்டு நிக்கும்.

பனிக்கால ஷிஃப்ற் இரவு 10.30 வரைக்கும் போனால் 7க்கும் 10க்கும் இடையில ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விட வேணும், பின்னேரம் 4க்கும் 6க்கும் இடையில தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம். இந்தத் தேத்தண்ணி அரை மணித்தியாலத்தை யாழ்ப்பாணத்தில ஒழுங்காக் குடுக்கிற ஒஃபிஸை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன். பொம்பிளைப் பிள்ளையளை இரவு வேலைக்கு விடுறதுக்குச் சட்டத்தில தனி நிபந்தனையள் இருக்கு, அந்த ஷிஃப்ற்றைச் சொஃப்ட்வெயரில தட்ட முதல் லேபர் ஒஃபிஸில எழுத்தில கேட்டு எடுத்து வையுங்கோ.

மற்றது, அந்த 11 மணித்தியால ஓய்வை முழுசா எறியாதேங்கோ. சட்டம் கேக்காட்டியும் கொம்பனியின்ர சொந்த ரூலா, சிவப்பு இல்லாமல் மஞ்சளில, அட்மினுக்கு மட்டும் தெரியிற மாதிரி வைக்கலாம். இரவிரவா முழிச்ச ஆளைக் காலமை 8க்கு வரச்சொல்லி அவர் எழுதிற புரோகிராமை ஆர் திருத்திறது?

கேள்வி: வணக்கம் அண்ணை, நான் ரவுணில ஒரு கடையில காஷியரா நிக்கிறன். மத்தியானம் சனம் கூடின நாளில ஒரு மணித்தியாலம் எழும்பேலாது, கவுண்டருக்குப் பின்னால நிண்டு பத்து நிமிசத்தில சாப்பிட்டிட்டுத் திரும்ப பில் போடுறது. ஆனா சம்பள ஷீற்றில ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் லஞ்ச் எண்டு வெட்டியிருக்கு. கேட்டால் "மெசின்தான் வெட்டுது, எங்களுக்குத் தெரியாது" எண்டினம். மெசின் தானா வெட்டுமோ? (பெயர் வேண்டாம், கொழும்புத்துறை)

பதில்: தானா வெட்டும் பிள்ளை, ஆனா வெட்டச் சொல்லி ஆரோ ஒராள் ரிக் போட்டிருக்கிறார். ஓட்டோ பிரேக் டிடக்‌ஷன் எண்டு ஒரு செற்றிங். வந்த நேரத்துக்கும் போன நேரத்துக்கும் இடையில ஆறு மணித்தியாலத்துக்கு மேல கண்டால் கேள்வி கேக்காமல் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்கும். இந்த உலகத்தில உள்ள எல்லா ரைம் சொஃப்ட்வெயரிலயும் எனக்கு ஆகப் பிடிக்காத பெட்டி இதுதான். ஏனெண்டால் சட்டம் கேக்கிறது ஆளுக்கு இடைவேளை கிடைச்சுதோ எண்டு, இந்தப் பெட்டி செய்யிறது இடைவேளை கிடைச்ச மாதிரிக் காட்டிறது. காலமை 11க்கும் 2க்கும் இடையில ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விட வேணும், விடாட்டி அது ரெண்டு பிரச்சினை: இடைவேளை குடுக்காதது ஒண்டு, வேலை செய்த நேரத்துக்குக் காசு குடுக்காதது மற்றது. ரிக் போட்டால் ரெண்டும் பேப்பரில மறைஞ்சிடும்.

நீங்கள் செய்யக்கூடியது, சாப்பிடப் போகேக்கயும் வரேக்கயும் விரல் வைக்கலாமோ எண்டு கேளுங்கோ. அனேக மெசினில பிரேக் அவுட், பிரேக் இன் எண்டு பட்டன் இருக்கு. ஓமெண்டால் நல்லது. ஏலாதெண்டால் பில் மெசினில உங்கட லொகினில பில் விழுந்த நேரம் கிடக்கும், 12.40க்கு பில் போட்ட ஆள் 12.40க்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கேலாது. உங்கட கையால ஒரு கொப்பியில திகதியும் நேரமும் எழுதி வையுங்கோ, சண்டை பிடிக்கத் தேவையில்லை, மாச முடிவில ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினால் விளங்கிற முதலாளி விளங்குவார். விளங்காதவருக்கு யாழ்ப்பாணத்திலயே தொழில் திணைக்களத்தின்ர அலுவலகம் இருக்கு, அங்க முறைப்பாடு குடுக்கலாம்.

கேள்வி: நான் மருதனார்மடத்தில சுப்பர் மார்க்கெற் வைச்சிருக்கிறன். எங்கட மெசினில வாற நேரமும் போற நேரமும் 15 நிமிசத்துக்கு ரவுண்ட் பண்ணுது. வேலையாக்கள் களவெண்டு கதைக்கினம். அது கணக்குச் சுகத்துக்கு வைச்சதுதானே? மற்றது ஓ.ரீ. கணக்கில சொஃப்ட்வெயர் தாற காசுக்கும் எங்கட கணக்குப்பிள்ளை தாற காசுக்கும் கன வித்தியாசம் வருது, எதை நம்புறது?

பதில்: ஐயா, கணக்குச் சுகம் உங்களுக்கு மட்டும் எண்டால் அவை அப்பிடித்தான் கதைப்பினம். உங்கட ரவுண்டிங் எந்தப் பக்கம் போகுதெண்டு திறந்து பாருங்கோ. ஒராள் காலமை 8.03க்கு விரல் வைச்சால் 8.15 ஆகுது, பின்னேரம் 5.12க்கு வைச்சால் 5.00 ஆகுது எண்டு வைப்பம். உண்மையா அவர் கடைக்குள்ள நிண்டது 9 மணித்தியாலம் 9 நிமிசம், ஷீற்றில 8 மணித்தியாலம் 45 நிமிசம். ஒரு நாளில 24 நிமிசம் போச்சு. மாசத்தில 25 நாள் எண்டால் 10 மணித்தியாலம், ஒரு முழு நாள் வேலையை விடக் கூட. மூண்டு நிமிசம் பிந்தினதுக்கு உந்தத் தண்டனையை நீங்கள் வாயால சொல்லுவியளோ? சொல்ல மாட்டியள். ரவுண்டிங்கை நிப்பாட்டி நிமிசத்துக்கு நிமிசம் விடுங்கோ, கூட்டிறது மெசின்தானே, அதுக்குக் கையா நோகப்போகுது.

ஓ.ரீ. விசயத்தில உங்கட கணக்குப்பிள்ளை சொல்லுறது சரியா இருக்கும் எண்டு நினைக்கிறன், அவர் 240ஆல பிரிச்சிருப்பார். கடை, ஒஃபிஸ் ஆக்களுக்கு மாசச் சம்பளத்தை 240ஆல பிரிச்சு ஒண்டரையால பெருக்கிறதுதான் எங்கட நாட்டு முறை. 48,000 ரூபா சம்பளமெண்டால் மணித்தியாலத்துக்கு 200, ஓ.ரீ. 300. சொஃப்ட்வெயர் 40 மணித்தியாலக் கிழமையை வைச்சுக் கணக்குப் பாக்கும், கிழமைக்கு 40, வருசத்துக்கு 52 கிழமை, அதைப் 12ஆல பிரிச்சால் 173.33, அப்ப அதே ஆளுக்கு ஓ.ரீ. 415 ரூபாவுக்கு மேல வரும். செற்றிங்ஸில மாசாந்த மணித்தியாலம் எண்ட இடத்தில 240 எண்டு போடுங்கோ. ஆனா அதே 240ஐக் கொண்டு கிழமை வரம்பைக் கணக்குப் பாக்கிற சொஃப்ட்வெயரும் இருக்கு, அதில போட்டால் கிழமைக்கு 55 மணித்தியாலம் வரைக்கும் ஓ.ரீ. இல்லை எண்டு நினைச்சிடும், அதால கிழமைக்கு 45 எண்டதைத் தனியப் பூட்டி வையுங்கோ. உங்களிட்ட பேக்கரியோ வேற உற்பத்தி வேலையோ இருந்து அது சம்பளச் சபைக்குள்ள (தொழிலுக்குத் தொழில் சம்பள விதி போடுற சபை) வந்தால் அந்த ஆக்களுக்குப் பிரிக்கிற எண் வேற, அவையை வேற குறூப்பில போடுங்கோ. ஓ.ரீ. காசுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வெட்டிறேல்லை, அந்த ரிக்கும் சரியா இருக்கோ எண்டு பாருங்கோ.

கேள்வி: கூகிள் கலண்டரில இருந்து இலங்கை லீவு நாளெல்லாத்தையும் சொஃப்ட்வெயருக்கு இழுத்துப் போட்டன், இப்ப தீபாவளிக்கு வேலைக்கு வந்த எல்லாருக்கும் ரெட்டைச் சம்பளம் எண்டு காட்டுது. அது சரியோ? நல்லூர்த் தேருக்கு என்ன செய்யிறது? (சாவகச்சேரி)

பதில்: கலண்டரில சிவப்பா இருக்கிறதெல்லாம் தனியார் துறைக்குச் சட்ட லீவு இல்லை. எங்களுக்கு மனசுக்கு ஒவ்வாத விசயம்தான், ஆனா உண்மை: தீபாவளியும் சிவராத்திரியும் அரச, வங்கி லீவு, கடைக்கும் ஒஃபிஸுக்கும் கட்டாயமான எட்டுக்குள்ள இல்லை. அந்த எட்டு: தைப்பொங்கல், பெப்ரவரி 4, சித்திரை வருசத்துக்கு முதல் நாள், வருசப்பிறப்பு, மே தினம், வெசாக்குக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார். இந்த எட்டில வேலை வாங்கினால் அந்த வருச முடிவுக்குள்ள சம்பளத்தோட இன்னொரு நாள் லீவு, இல்லாட்டி ரெட்டைச் சம்பளம். பௌர்ணமி வேற கதை, 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம், வேலை செய்தால் ஒண்டரை மடங்கு.

அப்ப ஒரு கலண்டர் காணாது, மூண்டு வேணும். எட்டுக்கு ஒண்டு, பௌர்ணமிக்கு ஒண்டு, நீங்களா விரும்பிக் குடுக்கிற நாளுக்கு ஒண்டு. மூண்டாவதில தீபாவளி, நல்லூர்த் தேர், தீர்த்தம், உங்கட ஊர்க் கோயில் தேர் எல்லாத்தையும் போடலாம், நத்தாருக்கு மேலதிகமா இன்னொரு நாள் குடுக்கிறவையும் இருக்கினம். யாழ்ப்பாணத்தில தீபாவளிக்குக் கடை திறந்து வைச்சு ஆக்களை வாவெண்டால் சட்டம் பிடிக்காது, சனம் பிடிக்கும். நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாளும் பின்னேரம் வெள்ளெனப் போற ஆக்கள் இருந்தால் அந்த நாளுகளுக்கு ஒரு தனி ஷிஃப்ற் செய்து விடுங்கோ, காலமை 7க்கு வந்து 4க்குப் போற மாதிரி. லீவு கேட்டு லீவு கேட்டு ஒவ்வொருத்தரும் அட்மினின்ர உயிரை வாங்கிறது நிக்கும்.

கேள்வி: லண்டனில இருக்கிற மகனுக்கு வேலையில 48 மணித்தியாலத்துக்கு மேல செய்யச் சம்மதம் எண்டு ஒரு ஃபோமில கையெழுத்துக் கேக்கினமாம். வைக்கலாமோ? (நெல்லியடித் தகப்பன்)

பதில்: அது அங்கத்தைய 1998ஆம் ஆண்டு வேலை நேர ஒழுங்குவிதி. 48 எண்டது ஒரு கிழமைக் கணக்கில்லை, சாதாரணமா 17 கிழமைச் சராசரி. அந்தச் சராசரிக்கு மேல செய்யிறதெண்டால் அவர் எழுத்தில சம்மதிக்கோணும், சம்மதிக்காட்டி அதுக்காக வேலையால நிப்பாட்டக்கூடாது. வைச்சாப்பிறகும் மாறலாம், ஆகக்குறைஞ்சது 7 நாள் அறிவித்தல், ஃபோமில மூண்டு மாசம் வரைக்கும் கேட்டிருக்கலாம், அந்த வரியை வாசிச்சிட்டு வைக்கச் சொல்லுங்கோ. ரெண்டு இடத்தில வேலை செய்யிற பிள்ளையெண்டால் ரெண்டையும் சேத்துத்தான் 48, ஒரு சொஃப்ட்வெயருக்கு மற்றது தெரியாது.

கேள்வி: அண்ணை, கிழமைக்கு 12 மணித்தியால ஓ.ரீ. முடிஞ்சால் அதுக்கு மேல விரல் வைக்க விடாமல் மெசினை லொக் பண்ணலாம் எண்டு வித்த ஆள் சொல்லுறார். லேபர் ஒஃபிஸால வந்து பாத்தால் ஒரு பிரச்சினையும் இருக்காதாம். நல்ல ஐடியாதானே? (கோண்டாவில்)

பதில்: தம்பி, மெசின் லொக்காகும், வேலை லொக்காகுமோ? லொறி வந்து நிக்குது, சாமான் இறக்கோணும், மெசின் விரலை எடுக்கேல்லை எண்டு ஆக்களை வீட்ட அனுப்புவியளோ? இறக்குவினம், பதிவில்லாமல் இறக்குவினம். அப்ப நடந்தது சட்டத்துக்கு மாறான வேலை, அதோட காசில்லாத வேலை, அதோட ஒருத்தருக்கு அடிபட்டால் அந்த நேரத்தில அவர் வேலையில நிண்டதுக்கே அத்தாட்சி இல்லை. பேப்பர் மட்டும் பளிச்செண்டு இருக்கும். எல்லா ஆளும் எல்லாக் கிழமையும் துல்லியமா 57இல நிக்கிற ஷீற்றைப் பாத்தால் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வராதோ?

விரல் வைச்ச நேரம் ஒருக்காப் பதிஞ்சால் பதிஞ்சதுதான், அதை மெசினும் தொடக்கூடாது, முதலாளியும் தொடக்கூடாது. திருத்தவேண்டி வந்தால், மறந்துபோய் விரல் வைக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, பழைய நேரம் அப்பிடியே கிடக்க, புது நேரமும் ஆர் திருத்தினது, ஏன் திருத்தினது எண்டதும் பக்கத்தில விழோணும். ஓடிற் லொக் (audit log, திருத்தினதின்ர பதிவு) எண்டு சொல்லுறது அதைத்தான், அது இல்லாத சொஃப்ட்வெயரைக் காசில்லாமல் தந்தாலும் வாங்காதேங்கோ. 12ஐத் தாண்டினால் ஆளுக்குக் காசும் போகோணும், உங்களுக்கு ஒரு மெசேஜும் வரோணும், ஒரே ஆளுக்கு மூண்டு கிழமை தொடர்ந்து வந்தால் இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்கோணும். வித்த ஆளிட்ட அந்தப் பூட்டை எடுத்திட்டு அந்த மெசேஜைப் போட்டுத் தரச்சொல்லுங்கோ.

கேள்வி: கறண்ட் போய் வந்தால் எங்கட விரல் மெசினில திகதி 2000 ஜனவரி 1 எண்டு வருது. மற்றது மரக்கறி வெட்டிற ரெண்டு அக்காமாரின்ர விரலை எடுக்கவே மாட்டெண்டுது.

பதில்: உள்ளுக்க இருக்கிற பொத்தான் பற்றரி செத்துப்போச்சு, மாத்தினால் சரி, பெரிய செலவில்லை. மாத்த முதல் மெசினில இருக்கிற பதிவை பென் ட்ரைவில இறக்கி வையுங்கோ. அக்காமாருக்குப் பெருவிரலை விட்டிட்டு இடக்கைச் சின்ன விரலைப் பதிஞ்சு பாருங்கோ, கத்தி பிடிக்காத கையில ரேகை அவ்வளவு தேயாது, அதுவும் எடுக்காட்டி அவைக்கு விரலுக்குப் பதிலா மெசினில வைக்கிற காட் (card) குடுங்கோ. விரல் அடையாளம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில விசேட வகைத் தரவு, அதால வேலையை விட்டுப் போன ஆக்களின்ர விரலை மெசினில வைச்சிருக்காமல் அழிச்சுவிடுங்கோ. 2000 எண்டு விழுந்த நாளுக்கு ஒரு தாளில வந்த நேரம் போன நேரம் எழுதி அவையிட்டயே கையெழுத்து வாங்கி அந்த மாச ஃபைலில குத்தி வைச்சால் போதும், சொஃப்ட்வெயரில திருத்தேக்கையும் "கறண்ட் போனது, தாள் பாக்கவும்" எண்டு காரணத்தை எழுதிவிடுங்கோ.